மேகி ஏன் வரமாட்டேன் என்றாள்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் பழைய ஹாலிவுட் காதல் படங்களைப் பற்றி ஒரு முழுப் பக்கம் போட்டிருந்தீர்கள். நான் டர்பனில் இருக்கிறேன், உங்கள் பத்திரிகையை நெட்டில்தான் படிக்கிறேன், அதனால் கடிதம் கொஞ்சம் தாமதம். கட்டுரை நன்றாகத்தான் இருந்தது, புகைப்படங்களும் நல்லதாகத் தேடி எடுத்திருந்தார்கள். ஆனால் 1927-இல் வந்த 'மை பெஸ்ட் கேர்ள்' படத்தைக் கட்டுரையாளர் இரண்டே வரியில் தள்ளிவிட்டார். கடையில் வேலை செய்கிற பெண்ணுக்கு முதலாளி மகன் கிடைக்கிறான், பணக்கார அப்பா குறுக்கே நிற்கிறார், கடைசியில் காதல் ஜெயிக்கிறது, வெறும் பாட்டி கதை, அவ்வளவுதானாம். அங்கேதான் எனக்குக் கோபம் வந்தது. படத்தின் கடைசிப் பகுதியை ஒழுங்காகப் பார்த்த யாரும் இப்படி எழுத மாட்டார்கள். பணக்கார அப்பா அதில் குறுக்கே நிற்பது கொஞ்ச நேரம்தான். அந்தப் பெண்ணைப் பிடித்து நிறுத்துவது அவளுடைய சொந்த வீடு. இதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். நீளமாகிவிட்டால் வெட்டிக்கொள்ளுங்கள், ஆனால் நடுவில் வெட்டாதீர்கள்.

படம் பார்க்காதவர்களுக்காகக் கதை. மேகி ஜான்சன் ஒரு மலிவு விலைக் கடையின் சாமான் அறையில் வேலை செய்கிறவள். முதலாளி பெயர் மெரில். அவர் மகன் ஜோ, அப்பா பெயரைச் சொல்லாமல் தானாக மேலே வந்து காட்டவேண்டும் என்று ஜோ கிராண்ட் என்ற பொய்ப் பெயரில் அதே கடையில் கடைசிப் படி வேலைக்கு வந்து சேருகிறான். அவனுக்கு ஏற்கெனவே அந்தஸ்துக்குத் தகுந்த இடத்தில் பெண் பேசியாகிவிட்டது. மேகிக்கு இது எதுவும் தெரியாது. வேலை தெரியாத பையன் என்று அதட்டி அதட்டி அவனுக்கு வேலை கற்றுக்கொடுக்கிறாள். சாமான் வந்து இறங்கிய பெரிய மரப்பெட்டிக்குள் உட்கார்ந்து இரண்டு பேரும் மதியச் சாப்பாடு சாப்பிடுகிறார்கள், அது ஒரு அழகான காட்சி. அதைவிட அழகு, கொட்டுகிற மழையில் வண்டிகளுக்கு நடுவே இரண்டு பேரும் பேசிக்கொண்டே தெருவைக் கடப்பது. பேசாத படம்தான், ஆனால் அவர்கள் என்ன பேசுகிறார்கள் என்று எழுத்துப் போட்டுச் சொல்லவேண்டிய அவசியமே இல்லை.

அப்புறம் அந்தச் சாப்பாட்டு மேஜை. ஜோ அவளைத் தன் வீட்டுக்கே அழைத்துப் போகிறான், ஆனால் தன் வீடு என்று சொல்லாமல். முதலாளிக்குத் தொழிலாளர்கள் எல்லாரும் ஒரே குடும்பம், யார் வந்தாலும் சாப்பாடு போடுவார் என்று ஒரு கதை விட்டு மாளிகைக்குள் கூட்டிப்போய் உட்கார வைக்கிறான். வேலைக்காரரும் கூடச் சேர்ந்து நடிக்கிறார். பெற்றோரும் நிச்சயம் செய்த பெண்ணும் வந்து நிற்கும்போது குட்டு உடைகிறது. மேகி ஓடிவிடுகிறாள். இதுவரைக்கும் கட்டுரையாளர் சொன்னது சரி, நாம் ஆயிரம் முறை பார்த்த கதை.

ஆனால் மேகியின் வீட்டைப் பாருங்கள். அப்பா தபால்காரர், நல்ல மனுஷன், பேச்சுக்குப் பேச்சு தலையாட்டுகிறவர். அம்மாவுக்குப் பொழுதுபோக்கே சாவு வீடுகளுக்குப் போய் அழுவது, செத்தவரைத் தெரிந்திருக்கவேண்டும் என்றுகூட இல்லை. (இதைப் பார்த்து நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம், ஏனென்றால் எங்கள் தெருவிலும் அப்படி ஒரு ஆன்ட்டி இருந்தார், பேர் சொல்ல மாட்டேன்.) அக்கா ஒரு உதவாக்கரையோடு சுற்றி வம்பில் மாட்டிக்கொண்டு கோர்ட்டு வரைக்கும் போகிறாள். சம்பளம் கொண்டுவருகிறவளும் மேகி, சமைக்கிறவளும் மேகி, அக்காவுக்காகக் கோர்ட்டுக்கு ஓடுகிறவளும் மேகி. படத்தின் சிரிப்பெல்லாம் இந்த வீட்டை வைத்துத்தான். அதனால் கட்டுரையாளர் அதைக் காமெடி டிராக் என்று நினைத்துத் தாண்டிவிட்டார் போலிருக்கிறது. எனக்கு என்னவோ அந்தக் காமெடிக்குள்தான் கதையின் முடிச்சே இருப்பதாகத் தோன்றுகிறது.

முதலாளி 10,000 டாலருக்குச் செக்கை நீட்டுகிறார், மகனை விட்டுப் போய்விடு என்று. இந்தக் காட்சி எல்லாப் படத்திலும் உண்டு, பெண் செக்கைத் தொடமாட்டாள் என்பதும் எல்லாருக்கும் தெரியும். மேகியும் தொடவில்லை. அதற்குப் பதிலாக ஜோவைத் தானே விரட்டப் பார்க்கிறாள். உதட்டுச் சாயத்தை அப்பிக்கொண்டு, சிகரெட்டைப் பற்றவைத்து, ரெக்கார்டைப் போட்டு ஆடி, உன் பணத்துக்காகத்தான் உன்னோடு பழகினேன் என்று ஒரு கெட்டுப்போன பெண்ணாக நடிக்கிறாள். நடித்துக்கொண்டே அழுகிறாள். பார்த்துக்கொண்டிருந்த மெரில் அந்த இடத்திலேயே மனம் மாறிவிடுகிறார். அதாவது பணக்கார அப்பா சம்மதித்துவிட்டார், தடை நீங்கிவிட்டது. பாட்டி கதையாக இருந்தால் படம் அங்கே முடிந்திருக்கவேண்டும், இல்லையா? முடியவில்லை. அதற்குப் பிறகும் மேகி வரமாட்டேன் என்கிறாள். நான் போய்விட்டால் இந்த வீட்டை யார் பார்ப்பார்கள் என்பதுதான் அவளுடைய கேள்வி. கடைசியில் அந்தத் தலையாட்டி அப்பா முதன்முறையாக நிமிர்ந்து நின்று, இந்த வீட்டுக்கு நான்தான் தலைவன், நான் பார்த்துக்கொள்கிறேன், நீ போ, என்று சொன்ன பிறகுதான் அவள் கால் நகர்கிறது. அப்புறம் ஹோனோலுலு கப்பலைப் பிடிக்க ஒரே ஓட்டம்.

இதைக் கதாசிரியர் சும்மா எழுதியிருக்க முடியாது, நடித்தவரும் சும்மா நடித்திருக்க முடியாது என்று நான் நினைக்கக் காரணம் உண்டு. மேகியாக நடித்த மேரி பிக்ஃபோர்டு 1892-இல் கனடாவில், டொரண்டோவில், கிளாடிஸ் ஸ்மித் என்ற பெயரில் பிறந்தவர். அப்பா சீக்கிரமே இறந்துபோனார். அம்மா ஷார்லட், தங்கை லாட்டி, தம்பி ஜாக், இவர்களுக்காகச் சின்னக் குழந்தையாக இருக்கும்போதே மேடை ஏறினார். பள்ளிக்கூடம் போகிற வயதில் ரயிலில் ஊர் ஊராகப் போய் நாடகம். பிறகு சினிமா. 1916-இல் அவருக்கு வாரத்துக்கு 10,000 டாலர் ஒப்பந்தம் போட்டார்கள், லாபத்தில் பங்கு தனி. மெரில் நீட்டுகிற செக்கின் தொகையைப் பார்த்தீர்களா? அந்த அம்மாவுக்கு ஒரு வாரச் சம்பளம்! 1919-இல் சாப்ளின், டக்ளஸ் ஃபேர்பேங்க்ஸ், கிரிஃபித் ஆகியோரோடு சேர்ந்து யுனைட்டட் ஆர்டிஸ்ட்ஸ் கம்பெனியைத் தொடங்கினார். 'மை பெஸ்ட் கேர்ள்' அவரே தயாரித்த படம். அப்போது அவருக்கு வயது 35, ஜோவாக நடித்த பட்டி ரோஜர்ஸ் அவரைவிட 12 வயது இளையவர், பத்து வருஷம் கழித்து 1937-இல் அவரையே கல்யாணம் செய்துகொண்டார் என்பது வேறு கதை. நான் சொல்லவந்தது, ஏழெட்டு வயதிலிருந்தே வீட்டுக்குச் சம்பாதித்துப் போட்ட ஒரு பெண், வீட்டுக்குச் சம்பாதித்துப் போடுகிற பெண்ணாக நடிக்கிறாள். அந்தக் கடைசிக் காட்சியில் அவர் முகத்தில் இருப்பதை நடிப்பு என்று மட்டும் சொல்லிவிட முடியாது.

சரி, டர்பனில் இருக்கிற ஒரு ரிட்டயர் ஆன டீச்சருக்கு இதில் ஏன் இவ்வளவு அக்கறை என்று கேட்பீர்கள்.

எங்கள் முன்னோர் கரும்பு வெட்ட வந்தவர்கள். மெட்ராஸிலிருந்து புறப்பட்ட ட்ரூரோ கப்பல் 1860 நவம்பர் 16-ஆம் தேதி டர்பன் இருக்கிற நேட்டாலில் வந்து நின்றது, அதிலிருந்து தொடங்குகிறது எங்கள் கணக்கு. ஆண்களுக்கு முதல் வருஷம் மாதம் 10 ஷில்லிங், பெண்களுக்கு அதில் பாதி. ஒப்பந்தம் முடிந்தும் ஊர் திரும்பாதவர்கள் தலைக்கு 3 பவுண்டு வரி கட்டவேண்டும் என்று வைத்தார்கள், பெண்களுக்கும் அதே 3 பவுண்டு. பாதிச் சம்பளம், முழு வரி. அந்த வரி 1914-இல்தான் ஒழிந்தது, அதற்கு முந்தின வருஷம் நடந்த போராட்டத்தில் எங்கள் பெண்கள் ஜெயிலுக்குப் போனதையும், ஜெயிலிலிருந்து நோயோடு வெளியே வந்து தில்லையாடி வள்ளியம்மை உயிர்விட்டதையும் உங்கள் ஊரில் பாடப் புத்தகத்திலேயே போடுகிறீர்கள் என்று கேள்விப்பட்டேன், சந்தோஷம். அந்தப் போராட்டத்துக்கு ஒரு காரணம் கல்யாணம் என்பதைச் சொல்லித் தருகிறார்களா? 1913-இல் கேப் டவுனில் நீதிபதி சர்ல் கொடுத்த தீர்ப்பால் எங்கள் முறைப்படி நடந்த கல்யாணங்கள் சட்டத்தின் கண்ணில் செல்லாமல் போயின. பெற்ற தாயைத் தாலி கட்டிய மனைவி இல்லை என்றார்கள். எங்களுக்குக் காதலும் கல்யாணமும் வீட்டுக்குள் மட்டும் முடிகிற விஷயமாக என்றைக்கும் இருந்ததில்லை.

வரிசையாக எல்லாம் சொல்லப் போனால் ஒரு புத்தகமாகிவிடும். பின்னால் வந்த காலத்துக்கு வருகிறேன். டர்பன் முனிசிபாலிட்டியில் வேலை செய்த தமிழர், தெலுங்கர் குடும்பங்கள் மேகஸின் பேரக்ஸ் என்ற குடியிருப்பில் நெருக்கியடித்துக்கொண்டு இருந்தார்கள். எந்த இனத்தார் எந்தப் பகுதியில் குடியிருக்கலாம் என்று பிரித்துவைத்த குரூப் ஏரியாஸ் சட்டம் வந்து 1960-களில் எங்களையெல்லாம் சாட்ஸ்வொர்த்துக்குக் கொண்டுபோய்த் தள்ளினார்கள். டவுனுக்குப் பக்கத்தில் நடந்துபோய் வேலை பார்த்தவர்கள் பஸ்ஸுக்குக் காசு தேட ஆரம்பித்தார்கள். அப்பா ஒருவர் சம்பளம் பத்தவில்லை. அப்போதுதான் எங்கள் பெண்கள் கூட்டம் கூட்டமாகத் துணி ஃபேக்டரிகளுக்கும் கடைகளுக்கும் வேலைக்குப் போனது. வெள்ளிக்கிழமை சம்பளக் கவர். அதைப் பிரிக்காமல் அம்மா கையில் கொடுக்கவேண்டும், அம்மா அதிலிருந்து பஸ் காசும் கொஞ்சம் கைச்செலவும் எடுத்துக் கொடுப்பார். பிரித்துக் கொடுத்த பெண்ணைப் பற்றித் தெருவே பேசும். அந்தக் காசில் தம்பிகள் படித்தார்கள், வாத்தியார் ஆனார்கள், வக்கீல் ஆனார்கள். நானும் அப்படி ஒருத்தியின் சம்பளக் கவரில் படித்தவள்தான்.

அவள் என் பெரியப்பா மகள், எங்கள் எல்லாருக்கும் அக்கா என்றால் அவள்தான். கிரே ஸ்ட்ரீட் பக்கத்தில் ஒரு கடையில் கவுண்டரில் நின்றாள். அந்தக் கடைக்காரரின் மகனுக்கு அவளைப் பிடித்துப்போனது. அவர்களும் தமிழர்தான், ஆனால் சொந்தக் காசில் டிக்கெட் எடுத்து வந்த பாசஞ்சர் குடும்பம், நாங்கள் கிர்மிட்டில், அதாவது கூலி ஒப்பந்தத்தில் வந்தவர்கள், அந்த வித்தியாசம் அந்தக் காலத்தில் சாதியைவிடப் பெரிது. எல்லாரும் எதிர்பார்த்தது பையன் வீட்டில் பூகம்பம் வெடிக்கும் என்று. ஒன்றும் வெடிக்கவில்லை. அந்தப் பெரியவர் தாமே பழத் தட்டோடு எங்கள் கவுன்சில் வீட்டுக்கு வந்து, அந்தச் சின்ன முன்னறையில் உட்கார்ந்து, பெண்ணைக் கொடுங்கள் என்று கேட்டார். பெரியப்பா ரொம்பப் பணிவாக, "நீங்க பெரிய இடம், எங்களுக்குச் சரிப்படாது ஐயா" என்று சொல்லி அனுப்பிவிட்டார். பணிவைப் பாருங்கள். தெருவில் எல்லாரும் பெரியப்பாவின் தன்மானத்தைப் புகழ்ந்தார்கள். உண்மை என்னவென்றால் அப்போது பெரியவன் டீச்சர் படிப்பில் இருந்தான், சின்னவன் ஹை ஸ்கூலில் இருந்தான், நான் அடுத்து வரிசையில் நின்றேன். அக்காவின் சம்பளக் கவர் வேறு வீட்டுக்குப் போய்விட்டால் எங்கள் மூன்று பேர் படிப்பும் நின்றுவிடும். இதை யாரும் வாய் திறந்து சொல்லவில்லை, அக்கா உட்பட. அந்தப் பையன் கொஞ்ச காலம் காத்திருந்துவிட்டு வேறு பெண்ணைக் கட்டிக்கொண்டான். அக்கா கடைசி வரைக்கும் கட்டிக்கொள்ளவே இல்லை. குடும்பத்தில் இன்றைக்கும் இந்தக் கதையை, பணக்காரன் ஏமாற்றிவிட்டான் என்றுதான் சொல்கிறார்கள்! அந்த மனிதர் பாவம், தட்டோடு வந்தவர்.

அதனால்தான் மேகி வரமாட்டேன் என்று சொல்லும்போது எனக்கு வேறு மாதிரி இருந்தது. படத்தில் அவள் அப்பா அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டார். எங்கள் வீட்டில் யாரும் சொல்லவில்லை.

பணக்காரப் பையன் வேஷம் மாற்றி வந்து ஏழைப் பெண்ணிடம் மனதைப் பறிகொடுப்பது அமெரிக்காக்காரன் கண்டுபிடித்த கதையா என்ன? தைப்பூசத்துக்குக் காவடி எடுக்கிற எந்தக் குழந்தையைக் கேட்டாலும் வள்ளி கதை சொல்லும். வேடனாக வந்தான், கிழவனாக வந்தான், யானையைக் கூப்பிட்டுப் பயமுறுத்தினான், எல்லாம் எங்களுக்கு மனப்பாடம். ஆனால் ஒரு விஷயத்தை நாம் கவனிப்பதில்லை. அவன் வந்தபோது வள்ளியும் வேலையில்தான் இருந்தாள், பரண்மேல் நின்று தினைப்புனம் காத்துக்கொண்டிருந்தாள். காவலை விட்டுவிட்டு அவள் அங்கிருந்தே ஓடிப்போகவில்லை. கந்தபுராணத்தில் தினை விளைந்து, காவல் வேலை முடிந்து, அவளை வீட்டுக்குக் கூட்டிப் போய்விடுகிறார்கள். அதற்குப் பிறகுதான் நடுராத்திரியில் தோழி உதவியோடு முருகனோடு போகிறாள். கடவுளே வந்து கூப்பிட்டாலும் அறுவடை முடியவேண்டியிருக்கிறது.

கட்டுரையாளர் 'இட்' படத்தைப் பற்றி நிறைய எழுதியிருந்தார், அதுவும் 1927 தான், அதிலும் கடையில் வேலை செய்கிற பெண், கடை முதலாளி. கிளாரா போ அதில் துள்ளுகிற துள்ளலுக்கு நானும் ரசிகைதான். ஆனால் அந்தப் பெட்டி லூவுக்கு அப்பா அம்மா யாரையாவது படத்தில் காட்டுகிறார்களா? ஒரு சிநேகிதியோடும் அந்தச் சிநேகிதியின் குழந்தையோடும் குடியிருக்கிறாள். கதாநாயகிக்குக் குடும்பத்தை வெட்டிவிட்டால் காதல் சுலபமாக ஓடும், சினிமாக்காரர்களுக்கு இது நன்றாகத் தெரியும், நம் தமிழ்ப் பட முதலாளிகளுக்கும் தெரியும், எத்தனை அனாதைக் கதாநாயகிகள்! மேகிக்கு மட்டும் அப்பா, அம்மா, அக்கா என்று ஒரு முழு வீட்டையே முதுகில் ஏற்றி அனுப்பியிருக்கிறார்கள், அதற்காகவே இந்தப் படத்துக்குத் தனி மரியாதை கொடுக்கவேண்டும்.

இன்னொன்றும் சொல்லவேண்டும், இது கட்டுரையில் சுத்தமாக இல்லை. அதே 1927-இல் ஹாலிவுட் தயாரிப்பாளர் சங்கம், படங்களில் என்னென்ன காட்டக்கூடாது என்று ஒரு பட்டியல் போட்டது. 11 விஷயங்கள் காட்டவே கூடாது, 25 விஷயங்களில் ஜாக்கிரதையாக இருக்கவேண்டும். அந்த 11-இல் ஒன்று, வெள்ளையரும் கறுப்பரும் கலந்து உறவு கொள்வது. முதலாளி மகன் கடையில் வேலை செய்கிற பெண்ணைக் கட்டுவதற்கு அந்தப் பட்டியலில் தடை இல்லை. அதே 1927-இல் தென்னாப்பிரிக்காவில் இம்மொராலிட்டி சட்டம் வந்தது, ஐரோப்பியரும் ஆப்பிரிக்கரும் கல்யாணம் இல்லாமல் உறவு வைத்தால் ஜெயில். 1949-இல் கலப்புக் கல்யாணத்தையே தடை செய்தார்கள், 1950-இல் முந்தின சட்டத்தை எங்களைப் போன்ற எல்லா நிறத்தாருக்கும் நீட்டினார்கள். 1985 வரைக்கும் இது இருந்தது. வர்க்கம் தாண்டுகிற காதலை இப்படி இனிப்பாக எடுக்க முடிந்ததற்குக் காரணம், தாண்ட முடியாத கோட்டின் பக்கமே கேமராவைத் திருப்பாததுதான். அந்த மழைத் தெருவில் மேகி கறுப்புப் பெண்ணாக நடந்திருந்தால் படமே இல்லை. அவலான், ஷாஜஹான் தியேட்டர்களில் பயாஸ்கோப் பார்த்து வளர்ந்த எங்களுக்கு இதை யாரும் விளக்கவேண்டியதில்லை. வெள்ளைக்காரர் தியேட்டருக்குள் எங்களை விடமாட்டார்கள், திரையில் வெள்ளைக்காரர் காதலிப்பதை எங்கள் தியேட்டரில் உட்கார்ந்து பார்க்கலாம்.

இப்போது கட்டுரையாளர் விட்டுவிட்ட இரண்டாவது படத்துக்கு வருகிறேன். 1929-இல் வந்த 'கோகெட்'. அதே மேரி பிக்ஃபோர்டு, அதே டைரக்டர் சாம் டெய்லர், பிக்ஃபோர்டின் முதல் பேசும் படம், இதற்காகத்தான் அவருக்கு ஆஸ்கர் கிடைத்தது. இதில் பிக்ஃபோர்டு பணக்காரப் பக்கம், அமெரிக்காவின் தெற்கத்திச் சீமை டாக்டர் ஒருவரின் செல்லப் பெண் நார்மா. அவள் காதலிப்பது காசோ குலமோ இல்லாத மைக்கேல் என்ற ஒருவனை. அப்பா என்ன செய்கிறார்? துப்பாக்கியை எடுத்து மைக்கேலைச் சுட்டுக் கொன்றுவிடுகிறார். குடும்ப கௌரவமாம். அப்பாவைத் தூக்கிலிருந்து காப்பாற்றச் செத்துப்போன காதலன்மேலேயே பழி போட்டுக் கோர்ட்டில் பொய் சொல்ல மகள் கூண்டில் ஏறுகிறாள். அதைப் பார்த்துத் தாங்க முடியாமல், சாட்சிப் பொருளாக வைத்திருந்த அதே துப்பாக்கியை எடுத்து அப்பா தன்னைச் சுட்டுக்கொள்கிறார்.

படமாகப் பார்த்தால் 'கோகெட்' சுமார்தான், ஒலிப்பதிவு புதுசு என்பதால் எல்லாரும் மைக்குக்குப் பக்கத்தில் ஆணி அடித்த மாதிரி நின்று பேசுகிறார்கள், பிக்ஃபோர்டின் தெற்கத்திப் பேச்சு காதைக் குத்துகிறது. ஆஸ்கர் கிடைத்தது அதிகம் என்று நானும் சொல்வேன். ஆனால் உங்கள் பத்திரிகையின் முதல் பக்கத்தில் ஆணவக் கொலைச் செய்தி இல்லாத மாதம் எது? அதே பத்திரிகையின் ஞாயிறு இணைப்பில் வர்க்கம் தாண்டிய காதலைப் பற்றி எழுதும்போது, பெண்ணின் அப்பா காதலனைச் சுட்டுக் கொன்ற படத்தை விட்டுவிட்டு, பணக்கார மாமனார் செக் நீட்டுகிற படங்களை மட்டும் அடுக்கினால் எப்படி? இரண்டு படத்தையும் அடுத்தடுத்துப் பாருங்கள். ஒரு படத்தில் பெண்ணின் அப்பா, நீ போ என்கிறார், இன்னொரு படத்தில் பெண்ணின் அப்பா சுடுகிறார். இரண்டிலும் முடிவு பெண்ணின் சொந்த அப்பா கையில்தான் இருக்கிறது, பையன் எவ்வளவு நல்லவன், எவ்வளவு காதலித்தான் என்பதெல்லாம் கணக்கிலேயே வரவில்லை.

'மை பெஸ்ட் கேர்ள்' குறையில்லாத படம் என்று நான் சொல்ல வரவில்லை. என்னோடு உட்கார்ந்து பார்த்த பேத்தி சரியான இடத்தில் பிடித்தாள். "ஆயா, அந்தத் தாத்தா நான் பார்த்துக்கிறேன்னு சொன்னாரே, நாளைக்குச் சம்பளத்துக்கு என்ன பண்ணுவார்?" நல்ல கேள்வி. இவ்வளவு நாள் வாயைத் திறக்காத ஒரு மனுஷன், மகள் கப்பல் ஏறுகிற அவசரத்தில் ஒரு நிமிஷத்தில் குடும்பத் தலைவன் ஆகிவிடுகிறார். அக்காவின் வம்பு தீர்ந்ததா, அம்மா சாவு வீட்டை விட்டு அடுப்படிக்கு வந்தாளா, ஒன்றும் தெரியாது. கப்பல் போய்விட்டது, கைதட்டு, படம் முடிந்தது. மெரில் சம்பந்தி வீட்டுக்கு மாதா மாதம் ஏதாவது அனுப்பியிருப்பார் என்று நான் பேத்தியிடம் சொல்லிச் சமாளித்தேன், அவள் நம்பவில்லை. இங்கே படம் ஏமாற்றுகிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கேள்வி எது என்று தெரிந்துகொண்டு பதிலில் ஏமாற்றுகிற படம் இது, மற்றவை கேள்வியையே கேட்காமல் போகிறவை.

பேத்தி இன்னொன்றும் கேட்டாள், பெரிய அக்காவுக்கு இந்தப் படத்தைக் காட்டினீர்களா என்று. அக்கா இப்போது இல்லை. இருந்திருந்தாலும் காட்டியிருப்பேனா என்பது சந்தேகம்தான். அவளிடம் அந்தக் காலத்தைப் பற்றி ஒரே ஒருமுறைதான் பேச்செடுத்தேன், நான் டீச்சராகி முதல் சம்பளம் வாங்கியபோது. கவரை அவள் கையில் கொண்டுபோய்க் கொடுத்தேன். பிரிக்காமலே திருப்பிக் கொடுத்துவிட்டு, "பேங்க்கில் உன் பேரில் போடு, வீட்டில் யாரிடமும் எவ்வளவு என்று சொல்லாதே" என்றாள். அதற்குமேல் பேசவில்லை.

ஆசிரியர் அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். 'கோகெட்' பற்றியும் ஒரு பக்கம் போடுங்கள், அதே கட்டுரையாளரையே எழுதச் சொல்லுங்கள், எனக்கு அவர்மேல் கோபம் போய்விட்டது. எழுதும்போது மாமனார்களை விட்டுவிட்டுப் பெண்ணின் வீட்டுப் பக்கம் திரும்பச் சொல்லுங்கள். 1927-இல் வந்த படங்களுக்கு அமெரிக்காவில் 2023 ஜனவரி 1 முதல் காப்புரிமை முடிந்துவிட்டது, அதனால் 'மை பெஸ்ட் கேர்ள்' நெட்டில் தேடினால் கிடைக்கும், ஒன்றரை மணி நேரம்தான். வாசகர்கள் பார்த்துவிட்டு, உங்கள் குடும்பத்தில் சம்பளக் கவரால் நின்றுபோன கல்யாணம் ஏதாவது உண்டா என்று எழுதினால் அதையும் போடுங்கள். பெயர் போடவேண்டாம்.

நான் தமிழ் படித்தது சாயங்காலத் தமிழ்ப் பள்ளியில், ஒற்றுப் பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
சாட்ஸ்வொர்த், டர்பன்